ஞாயிற்றுக்கிழமைக்கு இல்லாத ஓரா

கடல்தொட்டி வைத்திருப்பவர்களிடம் போய்ப் பாசி பிடித்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ஏன் பிடித்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார். என்ன மீன் விடப் போகிறாய் என்றுதான் கேட்பார்கள். கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலையும் அவர்களே சொல்வார்கள். ரொறொன்ரோவில் பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்டால் பதினொரு மீன் கிடைக்கும். அந்தப் பதினொன்றையும் தன் தொட்டியில் வைத்திருப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

எங்கள் தொட்டி ஸ்காபரோ வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறது. ஆறடி நீளம், 125 கலன். தண்ணீரின் எடை மட்டுமே கிட்டத்தட்ட அரைத் தொன். வரவேற்பறையில் வைக்க மனைவி சம்மதித்திருந்தாலும் வீட்டின் பலகைத் தளம் சம்மதித்திராது. வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே தண்ணீர் 25 பாகை செல்சியஸ். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. பவளங்கள் கல்லோடு கல்லாய் ஒட்டி வளர்ந்துவிட்டன. குடியிருப்பாளர் ஒரு சோடி கோமாளி மீன்கள், ஓர் ஆறுவரி ராஸ். ராஸ் என்பது விரல் நீள மீன். ஊதா உடம்பில் செம்மஞ்சள் கோடுகளோடு பார்க்க அழகாக இருக்கும், குணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஒரு வம்புமில்லாமல் ஓடிய தொட்டி அது.

பிறகு சூப்பர் விசாவில் வேலணையிலிருந்து அம்மா வந்தார்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுவதும் அம்மாவுக்குத் துணை தொலைக்காட்சியும் இந்தத் தொட்டியும்தான். தொலைக்காட்சியில் வருகிறவர்கள் சாப்பிடும்போது அம்மாவைக் கேட்பதில்லை. மீன்களோ அம்மாவின் நிழல் விழுந்தாலே கண்ணாடிக்கு ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எந்த மீனும் எந்த மனிதனைக் கண்டாலும் செய்கிற காரியம் இது. ஆனால் பசி என்று வந்து நிற்கும் வாய்க்கு முன்னால் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

"நீ போடுற அந்தக் கிள்ளு ஒரு சாப்பாடே? பாவம், வயிறெல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்கு."

குளிர்பெட்டியில் குழம்புக்காக வைத்திருந்த இறால் பொடியாக நறுக்கப்பட்டு, எனக்குத் தெரியாமல், காலையும் மாலையும் தொட்டிக்குள் போயிற்று. மீன் தின்றது போக மிச்சம் கல்லிடுக்கில் அழுகியது. தண்ணீரில் பொசுபேற்று ஏறியது, நைத்திரேற்று ஏறியது. ஒரு மாதத்துக்குள் கற்கள் எல்லாவற்றிலும் பச்சை முடி முளைத்து நீரோட்டத்தில் ஆடத் தொடங்கியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா அருகில் வந்து பார்த்தார்.

"இப்பதான் கடல். முந்தி வெறும் கல்லெல்லே."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. பவளப்பாறையில் பாசி வளராமல் இருப்பதில்லை. வளர வளர அதைத் தின்ன ஆயிரம் வாய்கள் இருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். அந்த வாய்கள் போனால் என்ன ஆகும் என்பதைக் கரிபியன் கடல் காட்டியது. 1983 இல் அங்கே நீண்ட கறுப்பு முள்ளுடைய கடல்முள்ளெலிகள் ஏதோ நோய் கண்டு கூட்டம் கூட்டமாகச் செத்தன. மீன்களை ஏற்கெனவே மனிதர் பிடித்துத் தீர்த்திருந்த யமேக்காவில், அடுத்த சில ஆண்டுகளில் பவளம் இருந்த இடமெல்லாம் பாசிக் காடாயிற்று. ஆகவே தொட்டிக்கு வாய் வேண்டும் என்பதில் எனக்கும் ஆலோசகர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய வாய் என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லாரும் சொல்வது மஞ்சள் ராங். எலுமிச்சை நிறத்தில் தட்டையான மீன், ஹவாய்க்காரர். 2021 ஜனவரியில், நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, ஹவாயில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக மீன் பிடிப்பது நிறுத்தப்பட்டது. அதோடு அவருடைய விலை வேறு உலகத்துக்குப் போய்விட்டது. அங்குள்ள ஓசியானிக் இன்ஸ்ரிரியூட் 2015 இலேயே இந்த மீனை முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. அப்படி வளர்ந்தவை இப்போது கடைக்கு வருகின்றன, ஆனால் சின்ன உடம்பில் பெரிய விலைச் சீட்டோடு வருகின்றன. போதாததற்கு இவருக்கு வாலடியில் இரண்டு பக்கமும் சவரக்கத்தி போல ஒரு முள். ஆறுவரி ராஸ் ஏற்கெனவே ஆளுகிற தொட்டிக்குள் கத்தியோடு ஒருவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பிளெனி. இதை வாங்கியே விட்டேன். பழுப்பு நிறம், தடித்த உதடு, தலையில் இரண்டு மயிர்க்கொத்து. வந்த அன்றே நடுக்கல்லின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பென்சன் எடுத்த விதானையார் ஒழுங்கை முகப்பில் கதிரை போட்டிருந்து போறவர் வாறவரை எல்லாம் விசாரிப்பது மாதிரி, ஒரு கண்ணைக் கோமாளி மீன்மீதும் மறு கண்ணை என்மீதும் வைத்துப் பார்த்தது. கண்ணாடியில் படியும் மெல்லிய பாசியைச் சுரண்டித் தின்னும். தின்ற இடமெல்லாம் முத்தம் கொடுத்தது போல உதட்டுத் தடம் விழும். கல்லிலுள்ள முடிப்பாசியை? அது தனக்குரிய வேலை இல்லை என்று முடிவு செய்துவிட்டது. பாசியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் இறாலுக்காகக் காத்திருந்தது.

பாசி தின்னும் என்று எழுதி விற்கப்படும் மீன் பாசி தின்னாததில் வியப்பில்லை என்று பிறகு தெரிந்தது. அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளப்பாறையில் டேவிட் பெல்வூட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பெரிய மீன்கள் நுழையாதபடி பாறையில் கூண்டுகள் அடித்து, ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தார்கள். உள்ளே கடற்பாசி காடாக வளர்ந்தது. பிறகு கூண்டைக் கழற்றி, கமெராவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பாசி தின்பதில் பேர்பெற்ற கிளிமீன்கள் வந்தன, பார்த்தன, பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காட்டை வெட்டித் தீர்த்தது பிளாற்றக்ஸ் என்ற அகன்ற உடம்புக்காரர். சிறு பிராணிகளைத் தின்பவர் என்று அதுவரை எல்லாரும் நினைத்திருந்த மீன். 2006 இல் இந்தக் கட்டுரை வெளிவந்தது. பெரிய கடலிலேயே யார் வேலை செய்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்றால் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் எப்படிச் சொல்வது? பிளெனியை நான் மன்னித்தேன். அது என்னை மன்னித்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் ஃபொக்ஸ்பேஸ் என்று முடிவாயிற்று. பளீரென்ற மஞ்சள் உடம்பு, கறுப்பு வெள்ளை முகம், நீண்ட மூஞ்சி. முடிப்பாசி தின்னும், மற்ற மீன்கள் பெரும்பாலும் தொடாத குமிழ்ப்பாசியையும் தின்னும், சண்டைக்கும் போகாது. முதுகில், வயிற்றில், அடியில் என்று மொத்தம் 24 நச்சு முள் இருப்பதால் மற்றவர்களும் அதனோடு சண்டைக்கு வர யோசிப்பார்கள். நூற்றிருபது டொலர் கொடுத்து, உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சு ஒன்றை வாங்கினேன்.

ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் புதியவரை நேரே விடக்கூடாது. வெண்புள்ளி நோய் ஒன்று போதும், எல்லாரையும் கொண்டுபோக. வந்தால் எல்லா மீனையும் வெளியே எடுத்து, பெரிய தொட்டியை இரண்டரை மாதம் வெறுமையாக விடச் சொல்வார்கள். எனவே உடுப்புத் தோய்க்கும் அறையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில், 20 கலன் தொட்டி ஒன்றில் தனிக்காவல். மணல் இல்லை, கல் இல்லை. ஒளிந்துகொள்ள வெள்ளை பிவிசி குழாய்த் துண்டு ஒன்று.

அன்றிரவு உடுப்பு எடுக்க அந்த அறைக்குப் போன அம்மா என்னை எழுப்பாத குறையாகக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"தம்பி, உது ஓராவெல்லே! எங்கை கிடைச்சது? உயிரோடை வைச்சிருக்கிறாய்! ஞாயிற்றுக்கிழமைக்கோ?"

எட்டிப் பார்த்தேன். மஞ்சளைக் காணோம். பயந்தாலும் இருட்டினாலும் இந்த மீன் நிறத்தை விட்டுவிட்டு, மங்கிய பழுப்பில் திட்டுத் திட்டாக மாறிவிடும். அந்தக் கோலத்தில் அது அசல் வேலணைச் சாட்டிக் கடல் ஓராவேதான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. ஃபொக்ஸ்பேஸும் ஓராவும் ஒரே பேரினம், சிகானஸ். பூனை வேடம் போட்டாலும் மீசை தெரியாதா என்பது போல, ஓராவின் சின்ன வாயையும் முள்ளையும் பார்த்து அம்மா இனத்தைப் பிடித்துவிட்டார். நான் அந்த மீனைப் பற்றி ஒரு மாதம் வாசித்திருந்தேன். அது ஓரா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"அம்மா, இது சாப்பிடுறதுக்கில்லை. பாசி தின்ன வாங்கினது."

"ஓரா பாசி தின்னாமல் வேறை என்னத்தைத் தின்னும்? அதாலைதானே பிடிச்ச கையோடை குடலை எடுக்கிறது. இல்லாட்டி மணக்கும். என்ன விலை?"

சொன்னேன்.

"ஒரு மீனோ? அரை றாத்தல்கூட நிக்காது. ஒரு சட்டிக் குழம்புக்கு உப்பிடி எட்டு வேணும்." வாய்க்குள் கணக்குப் போட்டார். "ஆயிரம் டொலரோ ஒரு சட்டி!"

மறுநாள் காலை வெளிச்சம் போட்டதும் மீன் பழையபடி மஞ்சளாகிவிட்டது. அம்மா தேநீரோடு வந்து பார்த்தார்.

"ராத்திரி நிண்ட ஓரா எங்கை?"

"இதுதான் அம்மா அது."

"நீ எனக்கே ஓரா காட்டுறாய்."

அன்றிரவு விளக்கை அணைத்து, அரை மணித்தியாலம் இருட்டில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் நிறம் மாறியதைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அதன் பிறகு அதற்குப் பெயர் ஓரா. ஃபொக்ஸ்பேஸ் என்று நான் சொன்னால் எங்கள் வீட்டில் இப்போது ஒருவருக்கும் விளங்காது.

தனிக்காவல் முடிந்து பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் உதவிக்கு மனைவியின் தம்பி வந்தார். எதையும் கேட்டுச் செய்யும் வழக்கம் அவரிடம் இல்லை. இந்த மீனை வலையால் பிடிக்கக்கூடாது, முள் வலையில் சிக்கும், பிளாஸ்ரிக் பாத்திரத்தால் கோர வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலையால் பிடித்தார். முள் வலையில் சிக்கியது. விடுவிக்கக் கையை வைத்தார். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்ததாக மனைவி சொன்னாள். நான் கைப்பேசியில் நச்சுமுறிவு தேடினேன். அம்மா ஒன்றும் பேசாமல் மேலே போய்க் கேத்திலில் தண்ணீர் சுட வைத்துக் கொண்டுவந்தார்.

"கையை இதுக்குள்ளை வை, தம்பி. ஓரா முள்ளுக்குச் சுடுதண்ணிதான். தாங்கிற சூட்டிலை."

மருத்துவ உதவித் தொலைபேசியில் பேசிய தாதியும் வரி பிசகாமல் அதையே சொன்னார். ஓராவின் நஞ்சு ஒரு வகைப் புரதம், சூட்டில் சிதைந்துவிடும். கை வெந்துபோகாத சூட்டில் வலி அடங்கும்வரை வைத்திருக்க வேண்டும். தாதி படித்துச் சொன்னார், அம்மா படியாமல் சொன்னார். மைத்துனர் மட்டும் இரண்டு பேரிடமும் கேட்ட பிறகே கையை முழுதாக நனைத்தார்.

மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் சோதனை இனித்தான் தொடங்கியது.

புதியவர் வரும்போது கற்களை மாற்றி அடுக்கு, பழையவர்களுக்குத் தங்கள் எல்லை எது என்று குழம்பிவிடும் என்பார்கள். புதுத் தொட்டிக்கு அது சரி. பவளம் கல்லையும் கல்லையும் ஒட்டிவிட்ட தொட்டியில் கல்லை அசைப்பதென்றால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்ததை உடைப்பது. ஆறுவரி ராஸுக்கு ஒவ்வொரு பொந்தும் உறுதி எழுதிய காணி. எனவே துளைபோட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் ஓராவை வைத்து, அதைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். ராஸ் பெட்டியை முட்டியது. விடிந்ததும் முட்டியது, விளக்கு அணையும்வரை முட்டியது. பிறகு மனைவியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியின் வெளிப்பக்கம் மறு மூலையில் ஒட்டினேன். அங்கே தன்னைப் போலவே ஒரு ராஸ் நிற்பதைக் கண்டு அது அதிர்ந்து, ஓராவை விட்டுவிட்டு அதனுடன் மோதப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போர்நிறுத்தம். எதிராளியும் அதே நேரத்தில் சாப்பிடப் போனது அதற்குச் சந்தேகம் தரவில்லை. முகம் பார்க்க மனைவி குளியலறைக்குப் போக வேண்டி வந்தது. இந்த யுத்தத்தில் உண்மையாகப் பாதிக்கப்பட்டவள் அவள்தான்.

ஓராவை வெளியே விட்ட அன்றும் மறுநாளும் அது கல்லுக்குப் பின்னால் பழுப்பாக நின்றது. மூன்றாம் நாள் மஞ்சளாகி, மூஞ்சியைக் கீழே சரித்து, கல்லைக் கொத்தத் தொடங்கியது. நான் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்து, ஆட்டு, பிய், மெல். பக்கத்துக் கல். கொத்து. பிளெனி உச்சியிலிருந்து இதை எல்லாம் கவனித்தது. சமூகப் பணியைப் பாராட்டும் எண்ணம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஓராவுக்குப் பிடித்தது குட்டையான இளம்பாசி. நீண்டு முற்றிய முடியை அது தொடவில்லை. அதை அம்மாதான் எடுத்தார். முருங்கையிலை உருவுகிற அதே விரல்களால், பவளத்தில் படாமல், ஒவ்வொரு கல்லாக உருவி வாளியில் போட்டார். உருவிய இடத்தில் துளிர்த்ததை ஓரா தின்றது. நல்ல கூட்டு வேலை. இரண்டு மாதத்துக்குள் கற்கள் வெளுத்தன.

ஓரா வேலையில் இறங்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்தியதரைக் கடல் சாட்சி. 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தார்கள், கப்பல் போவதற்கு. செங்கடல் ஓராக்களில் இரண்டு வகைகள் பின்னர் அந்த வழியால் போய்விட்டன. ஏஜென்சிக்காரனுக்கு ஒரு சதமும் கட்டாமல், விசாவும் இல்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த எங்கள் கடல்காரர் இவர்கள். போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. துருக்கியின் தென்கரையில் கடற்பாசிக் காடுகளை மேய்ந்து, பல இடங்களில் வெறும் பாறையாக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்கை ஆரும் குழம்பு வைக்கிறேல்லையோ?"

எங்கள் பாறையும் வெறும் பாறையானபோதுதான் சிக்கல் வந்தது. தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். பாசி போய்விட்டது, பொசுபேற்று போகவில்லை. யோசித்தால் போக வழியே இல்லை. மீன் பாசியைத் தின்கிறது, கொஞ்சத்தை உடம்பில் சேர்க்கிறது, மிச்சத்தைப் பின்பக்கமாகத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கிறது. கல்லில் பச்சையாக நின்றது தண்ணீரில் நிறமில்லாமல் நிற்கிறது. அந்த வீட்டை விட்டு உண்மையிலேயே வெளியேறிய பாசி அம்மா வாளியில் எடுத்துப் போனது மட்டும்தான். நூற்றிருபது டொலர் மீன் செய்தது ஒரு வகையில் இடமாற்றம்.

அடுத்தது பசி. மேய்ச்சல் தீர்ந்த ஓரா பவளங்களைப் பார்க்கத் தொடங்கியது. பொத்தான் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாய்ப் பூத்திருந்த சிறு பவளங்களில் இரண்டு ஒரு காலையில் மூடிக்கொண்டன. மறுநாள் ஐந்து. பட்டினி கிடந்தால் அது அப்படித்தான் செய்யும், பாசி கொடு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆகவே கொரியர் கடைக்குப் போய், சூசி சுற்றும் நோரித் தாள் வாங்கிவந்தேன். உப்பும் எண்ணெயும் சேராதது, அது விலை கூட. ஒரு கவ்வியில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டினால் ஓரா வந்து கிழித்துத் தின்னும்.

அம்மா நோரிப் பைக்கற்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கடற்பாசி."

"கடலிலை இருந்த பாசியை எடுத்து, காயப்போட்டு, பைக்கற்றிலை அடைச்சு, காசு குடுத்து வாங்கி, திரும்பவும் கடல்தண்ணியிலை போடுறாய். நான் வாளி வாளியா உருவி எறிஞ்சது என்ன?"

பதில் இல்லாததால் நான் தொட்டியின் கழிவு வடிக்கும் ஸ்கிம்மரைக் கழுவப் போனேன்.

அன்று முதல் ஓராவின் சாப்பாட்டுப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். பசளிக்கீரையை நாலு நிமிடம் அவித்து, ஆறவைத்து, கவ்வியில் கட்டினார். அவிக்கிறபோது ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது: "தம்பி, உப்புத் தண்ணியிலை இருக்கிறதுக்கு உப்புப் போட்டு அவிக்கிறதோ, போடாமலோ?" போட வேண்டாம் என்றேன். "பாவம்" என்றார். கீரை முடிந்த நாள்களில் நோரி. நோரி முடிந்தால் இறால், அதை எனக்குச் சொல்வதில்லை. பொசுபேற்று சொல்லிவிடும்.

ஓரா நீண்டது, அகன்றது, முதுகு தடித்தது. அம்மாவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே கண்ணாடிக்கு வந்து நிற்கும். பின்சுவரில் மறுபடியும் பச்சைப் படலம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஓரா அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இந்த இனம் கடலில் சோடியாகத் திரியும், ஒன்று தலையைப் பொந்துக்குள் விட்டு மேயும்போது மற்றது நிமிர்ந்து காவல் நிற்கும், பிறகு முறை மாறும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது மேய்வதும் இல்லை, காவல் நிற்பதும் இல்லை. இரண்டையும் அம்மா பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் அவர் உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்து, ஓராவின் நீளத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இப்ப எப்பிடியும் அரை றாத்தல் நிக்கும்."

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "மாமி, அது நூற்றிருபது டொலர் மீன்."

"அது வாங்கின காசு, பிள்ளை. வளத்தது நான்."